கோவையைப் பூட்டிவைத்துச் சுயாட்சி கேட்பதா?

தமிழ் மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமையைக் கேட்டு நிற்கின்றனர். 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை பிராந்திய சபைகளைத் தருவதாகச் சொல்லிற்று. மறு ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1965ஆம் ஆண்டின் டட்லி – செல்வநாயகம் உடன்படிக்கை மாவட்ட சபைகளைத் தருவதாகச் சொல்லிற்று, அதுவும் கைகூடவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியே மாகாண சபை வந்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் அதன் ஆசனங்கள் ஆண்டாண்டாக வெறுமையாய்க் கிடந்தன. ஏமாற்றங்களின் இந்த நீண்ட வரலாற்றை எமது வாசகர்களுக்கு நாம் புதிதாய்ச் சொல்லவேண்டியதில்லை.

ஆயின், இன்று நாம் சொல்ல வந்தது கொழும்பைப் பற்றியதன்று, எம்மைப் பற்றியது.

எமது மக்கள் தாமே வாக்களித்துத் தாமே அமர்த்திய ஆட்சி என்று இன்று எம்மிடம் எஞ்சியிருப்பவை உள்ளூராட்சி சபைகளே. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 17 சபைகள் உள்ளன. தெருவும் மதகும், சந்தையும் சுடலையும், வடிகாலும் வாசிகசாலையும் இவற்றின் பொறுப்பில் இருக்கின்றன. அதிகாரம் சிறிதுதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்தச் சிறிய அதிகாரத்தை நாம் எப்படிக் கையாளுகிறோம்? மக்கள் கேட்டால் கோவையைத் திறந்து காட்டுகிறோமா? சபை கூடும்போது வாயிற்கதவைத் திறந்து வைக்கிறோமா? இந்த இரண்டு வினாக்களுக்கும் நேர்மையாக விடை சொல்லும் துணிவு எத்தனை தவிசாளர்களுக்கு உண்டு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கமக்காரர் எம்மிடம் வந்தார். அவருடைய வயலை ஒட்டிய ஒழுங்கையை ஒரு பிரதேச சபை மண்ணிட்டு உயர்த்திச் செப்பனிட்டிருந்தது. அதன் பின் வந்த மாரியில் வெள்ளம் வடியவில்லை. காலபோக நெல் நீருள் நின்று அழுகிற்று. ஒழுங்கையின் கீழ் இட்ட மதகு போதாது என்று அவர் எண்ணினார். எண்ணியதை உறுதிப்படுத்த வேலையின் மதிப்பீட்டைப் பார்க்க விரும்பினார்.

"ஐயா, கந்தோரிலே கேட்டேன், தவிசாளரைக் கேள் என்றார்கள். தவிசாளரைக் கேட்டேன், செயலாளரைக் கேள் என்றார். செயலாளரைக் கேட்டேன், அது கந்தோர்க் கோவை, வெளியாருக்குக் காட்டமுடியாது என்றார். நான் வெளியாளா ஐயா? அந்தச் சபைக்கு நானும் வாக்குப்போட்டவன்தானே?"

நாம் அரைத்தாளிலே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். சில கிழமைகளில் மதிப்பீட்டின் பிரதி அவர் கைக்கு வந்தது. அதிலே இரண்டு வரிசைக் குழாய்கள் காட்டப்பட்டிருந்தன. ஒழுங்கையின் அடியிலே கிடந்ததோ ஒன்று! அந்தத் தாளை வைத்தே சபையில் கேள்வி எழுந்தது. அடுத்த காலபோகத்துக்கு முன் இரண்டாம் வரிசையும் இடப்பட்டது.

இக்கதையில் எம்மை மிகவும் வருத்தியது காணாமற்போன குழாயன்று. அந்தச் செயலாளர் கள்வரல்லர். கைசுத்தமானவர் என்றே ஊர் சொல்லும். தாமே தகவல் அலுவலராக நியமிக்கப்பட்டிருந்தும், அந்தச் சட்டத்தை ஒருநாளும் வாசித்ததில்லை என்று அவர் பின்னர் எம்மிடம் ஒளிக்காமற் சொன்னார். கோவையைக் காட்டினால் தமது வேலைக்குத் தீங்கு வரும் என்று அஞ்சியிருந்தார். காட்டாமல் விடுவதே தமக்குத் தீங்கென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. கள்வனைப் பிடிக்கச் சட்டம் உண்டு. சட்டம் அறியாத நல்லவன் பூட்டி வைத்த அலுமாரியைத் திறப்பதற்கோ, அவனுக்குச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே தெளிவாக எழுதுகிறோம். உறுப்பினர்களும் உத்தியோகத்தர்களும் ஊன்றி வாசிப்பார்களாக.

2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தம் தகவலைப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. அன்றுமுதல் அது அடிப்படை உரிமை; அதிகாரி மனமிரங்கித் தரும் சலுகையன்று. அதற்குக் கைகால் கொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து மக்கள் அதைக் கையாண்டு வருகிறார்கள். உள்ளூராட்சி சபைகள் யாவும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. எந்தச் சபையும் தகவல் அலுவலர் ஒருவரை நியமித்தாகவேண்டும். நியமியாதவிடத்து அதன் தலைவரோ பிரதான நிறைவேற்று அலுவலரோ தகவல் அலுவலராகக் கொள்ளப்படுவார். "எமது சபையில் அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லித் தப்ப இடமில்லை.

தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம். அதை எழுத்தில் வடிப்பது அலுவலரின் கடமை. தருவதா மறுப்பதா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தருவதென்றால், முடிவெடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தரவேண்டும். பெருந்தொகையான ஆவணங்களைத் தேடவேண்டியிருப்பின் மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். அதற்கும் காரணம் சொல்லவேண்டும். ஒருவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதிலும் திருப்தியில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவை நாடலாம். அங்கே, மறுத்தது சரியென்று நிலைநாட்டும் சுமை சபையின் தலைமேலே; கேட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பொது அலுவலோடு தொடர்பற்ற தனிமனிதர் விபரம், மருத்துவக் குறிப்பு, வியாபார இரகசியம், தேசியப் பாதுகாப்பு முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயினும், வெளியிடுவதால் விளையும் பொது நன்மை தீங்கினும் பெரிதாயின் விலக்கும் விலகிவிடும். ஒரு கோவையில் ஒரு பக்கம் விலக்குக்குரியதென்றால், அந்தப் பக்கத்தை நீக்கி எஞ்சியதைக் கொடுக்கவேண்டும். ஒரு பக்கத்தைக் காரணங்காட்டிக் கோவை முழுவதையும் பூட்டுவது சட்டமன்று. சட்டத்தின் பெயரால் செய்யும் சூழ்ச்சி.

அஞ்சும் உத்தியோகத்தருக்கு ஒன்று சொல்கிறோம். வேறெந்த எழுத்துச் சட்டம் முரணாய் நின்றாலும் இச்சட்டமே மேலோங்கும். இச்சட்டத்தின்படி வெளியிடத்தக்க தகவலை வெளியிட்டதற்காக எந்த உத்தியோகத்தரையும் தண்டிக்கமுடியாது. ஒழுக்காற்று நடவடிக்கையும் எடுக்கமுடியாது. ஆனால் வேண்டுமென்றே தகவலைத் தடுப்பவரும், பொய்த் தகவல் கொடுப்பவரும், கேட்கப்பட்ட ஆவணத்தை அழிப்பவரும் 50,000 ரூபா வரை தண்டப்பணத்துக்கோ, இரண்டு ஆண்டு வரை மறியலுக்கோ, இரண்டுக்குமோ உள்ளாகக்கூடும். எந்தப் பக்கம் பாதுகாப்பு, எந்தப் பக்கம் ஆபத்து என்பதை இப்போதாவது அறிந்துகொள்ளட்டும்.

இனிச் சபைக் கூட்டத்துக்கு வருவோம். கோவை முடிந்த முடிவைச் சொல்லும். கூட்டமோ அந்த முடிவு எப்படிப் பிறந்தது என்பதைக் காட்டும். ஆவணங்களுக்கென ஒரு சட்டம் இருப்பதுபோல, கூட்டங்களுக்கெனத் தனிச் சட்டம் எமது நாட்டில் இல்லை. இந்த இடைவெளியிலேதான் பல காரியங்கள் மறைந்து நிகழ்கின்றன. மாதக் கூட்டம் நடைபெறும். பார்வையாளர் வாங்கிலே நாலு பேர் இருப்பர். பத்திரிகை நிருபரும் வருவார். ஆனால் யாருக்கு ஒப்பந்தம், எந்த வட்டாரத்துக்கு முதலில் தெரு, சந்தைக் குத்தகை எவருக்கு என்பதெல்லாம் முதல்நாள் இரவே ஒரு வீட்டு விறாந்தையில் முடிந்துவிட்டால், மறுநாட் கூட்டம் வெறுங் கூத்தன்றி வேறென்ன?

இது எமக்கு மட்டுமுரிய நோயன்று. எமது உள்ளூராட்சி முறையின் மூலவீடாகிய பிரித்தானியாவில், 1908ஆம் ஆண்டிலேயே பத்திரிகையாளரைச் சபைக் கூட்டங்களுக்கு அனுமதிக்கும் சட்டம் வந்தது. சபைகள் என்ன செய்தன? முழுச் சபையையுமே ஒரு குழுவாக மாற்றிக்கொண்டு, "இது சபைக் கூட்டமன்று, குழுக் கூட்டம்" என்று கதவைச் சாத்தின! அந்த ஓட்டையை அடைக்க 1960ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது புதிதாய்ப் பாராளுமன்றம் புகுந்திருந்த மார்கரெட் தாட்சர், பின்னாளிற் பிரதமரானவர். அவருடைய அரசியலை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர் அடைத்த ஓட்டை எமது வீட்டிலும் உண்டு என்பதை ஏற்றாகவேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1953ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. உள்ளூர்ச் சபையின் பெரும்பான்மை உறுப்பினர் மறைவிற் கூடிச் சபை அலுவலைத் தீர்மானிப்பதையே அது தடுக்கிறது. வழமையான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணித்தியாலங்களுக்கு முன் பொதுவிடத்தில் ஒட்டப்படவேண்டும். நிரலில் இல்லாத விடயத்தில் முடிவெடுப்பதற்கு மிகக் குறுகிய விலக்குகளே உண்டு. இதைச் செய்யப் பெரும் பொருள் வேண்டுமா? ஒரு தாளும், ஒரு பலகையும், நாலு ஆணியும் போதும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பாரும் உளர். ஏன் காத்திருக்கவேண்டும்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் முகவுரையே, உள்ளூர் அலுவல்களைத் தீர்மானிப்பதில் மக்களுக்குக் கூடுதலான பங்கு கொடுப்பதற்காகவே இச்சபைகள் அமைக்கப்படுகின்றன என்று கூறுகிறது. கதவைத் திறக்கும் தீர்மானத்தைச் சபை தானே நிறைவேற்றலாம். அதற்குக் கொழும்பின் கையொப்பம் வேண்டியதில்லை. மேலும், கூட்டக் குறிப்பும் தீர்மானமும் சபையின் ஆவணங்களே. கூட்டத்துக்கு வரமுடியாத கமக்காரர் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றைக் கேட்டுப் பெறலாம். பூட்டிய கதவின் பின்னால் நடந்தது தாளில் வந்தே தீரும்.

இனி, எதிர்ப்போர் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

"வேண்டாதவர்கள் தொல்லை கொடுக்கவே விண்ணப்பிக்கிறார்கள், ஆளணியும் இல்லை" என்கிறார்கள். ஆளணிப் பற்றாக்குறை மெய்யே. சிறிய சபைகளின் இடர் எமக்குத் தெரியும். ஆனால் ஒரே மதிப்பீட்டைப் பத்துப்பேர் பத்துமுறை கேட்கும் நிலையை உண்டாக்கியது யார்? வேலை தொடங்குமுன் அதன் தொகையையும் ஒப்பந்தகாரர் பெயரையும் வேலைத்தலத்திற் பலகையில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பத்து விண்ணப்பங்களும் வந்திரா. கேளாமலே சொல்பவனிடம் எவரும் கேட்டு வரார்.

"எமது குறைகளை எமது எதிரிகள் பயன்படுத்துவார்கள், தமிழருக்கு ஆளத் தெரியாது என்பார்கள்" என்கிறார்கள். இது நல்லவர் பலரையும் மயக்கும் வாதம். ஆகவே அழுத்திச் சொல்கிறோம். குறையை மறைப்பதால் குறை நீங்காது, அது வளரும். மதகின் கீழ் இல்லாத குழாயை எந்த இனப்பற்றும் இருப்பதாக்காது. தமிழன் வயலைத் தமிழன் சபை வெள்ளத்தில் ஆழ்த்தினால், நீர் இனம் பார்த்து வடிவதில்லை. எமது சபைகளின் கணக்கை எமது மக்களே பார்த்து எமது மக்களே திருத்தினார்கள் என்ற சான்றைவிட, ஆளத் தகுதியுண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

"முதலில் பெரிய உரிமை, பின்னர் இச்சிறிய காரியங்கள்" என்கிறார்கள். 1961ஆம் ஆண்டில் எமது முன்னோர் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டது எதற்காக? அரசாங்கத்தின் தாள் தமிழனுக்குத் தமிழிற் பேசவேண்டும் என்பதற்காக. பின்னாளில் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையிலே, பார்வையிடச் சட்டம் இடங்கொடுத்த அரச ஆவணத்தின் பிரதியைத் தமிழிற் பெறும் உரிமை எழுதப்பட்டது. சிங்களம் நிருவாக மொழியாய் உள்ள இடத்திலும் தமிழர் அவ்வுரிமையைக் கேட்கலாம். அவ்வளவு பாடுபட்டபின், எமது ஊர்ச் சபையில், எமது மொழியில், எமது உத்தியோகத்தர் எழுதிய தாள் எமது அலுமாரியிலேயே பூட்டுண்டு கிடப்பதா? அந்நியன் பூட்டினால் அநீதி, நாம் பூட்டினால் நிருவாகமா?

அறிவித்தல் மக்களை எட்டாவிடின் என்ன நேரும் என்பதை அண்மையிலே கண்டோம். 2025 மார்ச் 28ஆந் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பற்றியது. மூன்று மாதங்களுள் உரிமை கோரவேண்டும் என்று சொல்லிற்று. இடம்பெயர்ந்தவரும், உறுதியைப் போரில் இழந்தவரும், கடல்கடந்து வாழ்பவரும் அதை எங்ஙனம் அறிவர்? உயர் நீதிமன்றம் அவ்வாண்டு யூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. நாம் அன்று கொதித்தோம், கொதித்தது நியாயமே. ஆனால் வர்த்தமானியில் மறைந்துகிடந்த அறிவித்தலுக்காகக் கொதித்த நாமே, எமது சபையின் தீர்மானத்தை ஒரு பலகையில் ஒட்டாமல் விட்டால், எம் கொதிப்பை யார் மதிப்பார்?

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6ஆந் திகதியே மக்கள் மீண்டும் வாக்களித்தனர். அந்த ஈராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மக்கள் பிரதிநிதி ஒருவருமின்றி வரி அறவிடப்பட்டது, பணம் செலவானது. அக்காலத்தின் கோவைகள் எங்கே? சட்டம் அமுலுக்கு வந்தபோது இருந்த ஆவணங்களைப் பத்து ஆண்டும், அதன்பின் உண்டானவற்றைப் பன்னிரண்டு ஆண்டும் பேணவேண்டும் என்பது விதி. புதிய உறுப்பினர்கள் முதலிற் கேட்டுப் பார்க்கவேண்டியது இவற்றையே.

இவ்விடத்தில் எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். வேட்பாளரைத் தெரிவுசெய்தவர்கள் நாம். மேடையிற் பேசவும், துண்டுப்பிரசுரம் கொடுக்கவும், வாக்கு எண்ணவும் அவர்களைப் பழக்கினோம். சபைக்குள் நுழையுமுன் அவர்கள் அறியவேண்டிய சட்டத்தை ஒரு மணிநேரம் இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தோமா? இல்லை. ஓட்டத் தெரியாதவன் கையில் லொறியைக் கொடுத்துவிட்டு, மதிலில் மோதினான் என்று அவனை மட்டும் ஏசுவது நீதியாகாது.

ஆகவே செய்யவேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

கட்சிகள், எக்கட்சியாயினும், தம் உறுப்பினர் ஒவ்வொருவரையும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒருநாள் அழைத்து, இச்சட்டத்தைத் தமிழில் வாசிப்பிக்கவேண்டும். தவிசாளரும் செயலாளரும் வெளிக்கள உத்தியோகத்தரும் ஒரே வாங்கில் இருந்து கேட்கட்டும். சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் கூலியின்றி இதற்கு ஈவார்களாக. நீதிமன்றத்திற் பிறர் அறியாமையைக் கொண்டு பிழைக்கும் நாம், அந்த அறியாமையைக் குறைக்கவும் கடமைப்பட்டவர்கள்.

சபைகள் நான்கு காரியங்களைத் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். தகவல் அலுவலரின் பெயரையும் மேன்முறையீட்டுக்குரியவரின் பெயரையும் சட்டம் கேட்கிறபடி வாயிலில் எழுதிவைப்பது ஒன்று. கூட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் நிகழ்ச்சி நிரலைச் சபையிலும், வாசிகசாலைகளிலும், கமநல சேவை நிலையத்திலும் ஒட்டுவது இரண்டு. பொதுமக்கள் எவரிடமும் சீட்டுப் பெறாமற் கூட்டத்தைப் பார்க்க விடுவதும், குழுக்களின் முடிவுகளைக் காரணத்தோடு குறிப்பில் ஏற்றுவதும் மூன்று. வேலைகளின் மதிப்பீட்டையும் கொடுப்பனவையும் கேளாமலே வெளியிடுவது நான்கு.

கமக்காரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். தனியாட் போவதற்கு அஞ்சினால் அமைப்பாகப் போங்கள். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாயின், பதிவற்ற சங்கமும் தகவல் கேட்கலாம் என்பது சட்டம். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்று கேட்டு வாங்குங்கள். கெஞ்சவேண்டாம், ஏசவும் வேண்டாம். உங்கள் பணத்தின் கணக்கை நீங்கள் கேட்கிறீர்கள், அவ்வளவே.

மடியிற் கனமில்லாதவனுக்கு வழியிற் பயமில்லை என்பர் எம் மூதாதையர். எமது மடியிற் கனமில்லை என்று சொல்வது போதாது. மடியை அவிழ்த்துக் காட்டவேண்டும். பெரிய ஆட்சியைக் கேட்கும் இனம், சிறிய ஆட்சியின் கணக்கைத் தன் மக்கள்முன் விரித்து வைக்கட்டும். அந்தக் கணக்கை நாம் விரிக்காதவரை, கொழும்பிடம் நாம் நீட்டும் கோரிக்கையில் ஒரு கையொப்பம் குறைவாகவே இருக்கும். அது எமது சொந்த மக்களின் கையொப்பம்.